பொக்குக் கடலை

பாடல் என்பது ஒரு மக்கள் கூட்டத்தின் உயிர்மூச்சு. அதில் ஒரு வினாடியைத் திருடுகிறவன் அந்தக் கூட்டத்தின் குரல்வளையில் கை வைக்கிறான்.

இந்த வாசகத்தை எழுதியவன் நான்தான், நீதிபதி அம்மா. எங்கள் அலுவலகத்தின் வெளிச்சுவரில் நீல வண்ணத்தில் ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தேன். அந்தச் சுவரை ஒட்டி ஆட்டுக்கறி சுடுகிற கடை. புகை படிந்து படிந்து முதல் பாதி கறுத்துப் போயிற்று. இரண்டாம் பாதியின் மேல் வீட்டுக்காரர் தார் பூசி, இங்கே சிறுநீர் கழிக்காதீர் என்று எழுதிவிட்டார். அதை மதித்தவர்களும் கிடையாது.

உட்கார நாற்காலி கொடுத்தீர்கள், குடிக்கத் தண்ணீர் கொடுத்தீர்கள். காவல் நிலையத்தில் இரண்டும் கிடைக்கவில்லை. எனவே உங்களிடம் ஒழுங்காகவே சொல்கிறேன். உங்கள் எழுத்தர் வேகமாக எழுத வேண்டியதில்லை. நான் நிதானமாகப் பேசுகிறவன்.

என் பெயர் பொலாம்பா. பேரரசர் எகாங்காவின் இசை உரிமைப் பாதுகாப்புத் தலைமை இயக்குநர். எனக்குக் கீழே யாரும் இல்லை. ஒரு மடிக்கணினி உண்டு. அதற்கு முன்னால் ஒரு பிரசவ விடுதியில் சரக்கறைப் பொறுப்பில் இருந்தேன். பேரரசரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதல் இசைத்தட்டு வந்தபோது வெறும் எகாங்கா. இரண்டாவதற்கு இளவரசர் ஆனார். ஐரோப்பாவுக்கு விசா மறுக்கப்பட்ட ஆண்டில் கண்டங்களைக் கடந்த பேரரசர் ஆனார்.

கின்ஷாசாவில் பாட்டுக்குள் ஆள் பெயர் போடுவதைக் கல் எறிவது என்போம். நீங்களும் இந்த ஊர்தான், விளக்க வேண்டியதில்லை. பாடகர் காதலி விட்டுப்போன துக்கத்தில் உருகிக்கொண்டே இருப்பார். கிதார் வேகமெடுக்கும் இடத்தில் திடீரென்று, "கர்னல் லுசாம்பா, எல்லையின் சிங்கம்!" என்று கூவுவார். காதலிக்கும் கர்னலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்பதில்லை. சில சமயம் சம்பந்தம் இருக்கும். அப்படிக் கூவப்படுகிறவர்கள் ஏதாவது கொடுத்திருப்பார்கள். நான் குழுவின் ஒத்திகை முற்றத்துக்கு ஒரு ஜெனரேட்டர் கொடுத்தேன். அன்பளிப்புதான்.

பதினோரு நிமிடப் பாட்டு அது. பாதிக்குமேல் போனபின், கர்னலுக்கும் ஒரு மாவு வியாபாரிக்கும் நடுவில், "பொலாம்பா, இசையின் அரண்!" என்று வரும். முதல்முறை கேட்டபோது நான் மோட்டார் சைக்கிள் டாக்ஸியின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். சந்தையில் யாரோ ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள். ஓட்டுகிறவனிடம் நிறுத்தச் சொன்னேன்.

"என்ன பெரியவரே, ஏதாச்சும் விழுந்துடுச்சா?" என்று கேட்டான்.

"கேளு. அது நான்தான்."

"எது? அந்தக் கர்னலா?"

"கர்னலுக்கு அடுத்தது."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "ஓ, மாவு யாவாரியா" என்றான். பாட்டு அதற்குள் தாண்டிவிட்டது. இருந்தாலும் அன்று நான் நன்றாகத் தூங்கினேன். இந்த ஊரில் பாட்டில் பெயர் வராமலே செத்துப்போகிறவன் பிறந்ததற்கு அவன் அம்மா மட்டும்தான் சாட்சி.

பதவி அதற்குப் பிறகு வந்தது. காணொளி நிறுவனங்கள் பாட்டை அடையாளம் காண இயந்திரம் வைத்திருக்கின்றன. நம் பாட்டை அதில் ஏற்றிவிட்டால், உலகத்தில் யார் எந்த மூலையில் அதைக் காணொளியில் போட்டாலும் அது மோப்பம் பிடித்துச் சொல்லும். நாம் வேண்டுமானால் அந்தக் காணொளியை ஊமையாக்கலாம், வேண்டுமானால் எடுக்கச் சொல்லலாம். பேரரசருக்கு இதில் ஆர்வம் இல்லை. "உனக்குப் பொழுது போகுதுன்னா செய்யி" என்றார். நான் செய்தேன். முதல் மாதமே நூற்றுக்கணக்கான கல்யாணக் காணொளிகளை ஊமையாக்கினேன். சத்தமே இல்லாமல் மணமகளும் மணமகனும் கை வீசி ஆடுவதைப் பார்த்தால் ஈ ஓட்டுவது போல் இருக்கும். பேரரசரின் தங்கை மகள் கல்யாணமும் அதில் ஒன்று. சட்டத்துக்கு முன் எல்லாரும் சமம்.

இனி அந்தச் சேனலுக்கு வருகிறேன்.

"யார் இவர்?" என்பது அதன் பெயர். திரையில் ஒரு மேசை, ஒரு தட்டு நிறைய ஓட்டோடு வறுத்த நிலக்கடலை, பாத்திரம் கழுவும் மஞ்சள் உறை மாட்டிய இரண்டு கைகள். முகம் கிடையாது. குரலைப் பானைக்குள் பேசுவது போல மாற்றியிருப்பான். ஒரு பாட்டை எடுத்துக்கொள்வான். அதில் பெயர் கூவும் சில வினாடிகளை மட்டும் ஓடவிடுவான். நிறுத்துவான். அந்த ஆளுக்காக ஒரு கடலையை எடுத்து உடைப்பான். நல்ல கடலையென்றால், இவர் நல்லவர் என்று சொல்லித் தின்பான். சொத்தையென்றால் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காட்டுவான். காட்டிக்கொண்டே அந்த ஆள் யார், என்ன செய்தார், பாட்டில் ஏறும் அளவுக்குச் செல்வாக்கு எங்கிருந்து வந்தது என்று சொல்வான். நல்ல கடலை அபூர்வமாகத்தான் வரும். கின்ஷாசாவே பார்த்தது. நானும் பார்த்தேன். மற்றவர்களுடைய கடலை உடைபடும்போது அது நல்ல நிகழ்ச்சி.

எங்கள் பாட்டை அவன் எடுத்த நாளில் முதல் கடலை கர்னல் லுசாம்பாவுடையது. படைவீரர்களின் விதவைகளுக்கு வந்த கூரைத் தகரம் கர்னலின் விருந்தினர் விடுதிக்கு எப்படிப் போயிற்று என்று சொன்னான். தகரத்தில் முத்திரை அழியாமல் இருப்பதைப் படம் போட்டுக் காட்டினான். அன்று மாலையே கர்னலின் ஆட்கள் சாராயக்கடை சாராயக்கடையாக ஏறி, அந்தக் கைக்குச் சொந்தக்காரன் யார் என்று விசாரித்தார்கள். அந்தக் கையுறை கழன்றால் உள்ளே இருப்பவனின் கதை முடிந்தது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை மறைக்கவில்லை.

இரண்டாவது கடலை என்னுடையது.

என் பெயர் ஒலித்தது. கை தட்டுக்குள் போயிற்று. ஒன்றை எடுத்து வைத்தது, இன்னொன்றைத் தேடியது. கடைசியில் ஒரு கடலை உடைந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பொக்கு. "விசாரிச்சுப் பாத்தேன். யாருக்கும் தெரியல. ஒண்ணுமில்ல. அடுத்தது" என்றது அந்தப் பானைக்குரல். மாவு வியாபாரியிடம் போய்விட்டான். அவருக்கு முழுசாக நான்கு நிமிடம்.

நீங்கள் படித்தவர். உங்களுக்கு இது சின்ன விஷயமாகப் படலாம். அடுத்த நாள் பெத்ரோனி அம்மாவின் கடைக்கு வழக்கம்போல் பீர் குடிக்கப் போனேன். நான் உட்கார்ந்ததும் கடையே அமைதியாயிற்று. பெத்ரோனி அம்மா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிக் குவளையை வைத்துவிட்டுக் கேட்டாள்:

"தலைவரே, பீருக்குக் கடலை வேணுமா, இல்ல நீங்களே போதுமா?"

கூரையே எழும்பும்படி சிரித்தார்கள். மூலையில் ஒருவன், "அடேய், மெதுவா சிரிங்கடா, காத்துல பறந்துறப் போறாரு" என்றான். மாவு வியாபாரியும் அங்கே இருந்தார். அவருடைய மாவில் புழு இருந்த கதை ஊருக்கே தெரிந்திருந்தது. அவருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்கள். சொத்தைக்கு ஒரு மரியாதை இருக்கிறது, அம்மா. அதில் ஒரு காலத்தில் பருப்பு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மசேங்கோவிடம் சொல்லி ஆற்றிக்கொண்டேன். நிகோடேம் மசேங்கோ. பாஸ்போர்ட் படம் எடுக்கிற கடை வைத்திருந்தான். கல்யாணம், துக்கம் இரண்டுக்கும் காணொளி எடுப்பான். பள்ளிக்கூடத்திலிருந்து என் நண்பன். ஞாயிறுதோறும் ஒரு வாரம் என் வீட்டில், ஒரு வாரம் அவன் வீட்டில் சாப்பாடு. அவன் மனைவி ஃபிலோ சமைக்கிற மரவள்ளிக்கீரைக்காக நான் என் முறையையும் பல வாரம் அவர்களுக்கே விட்டுக்கொடுத்திருக்கிறேன். கடைசிப் பெண்குழந்தைக்கு என் பெயரையே வைத்திருந்தான். ஒருவன் தன் பிள்ளைக்கு நம் பெயரை வைத்தால் அது எப்பேர்ப்பட்ட உறவு என்று இந்த ஊரில் பிறந்த உங்களுக்குத் தெரியும். ஆனால் எனக்கு அதில் ஒரு சங்கடம் இருந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஃபிலோ முற்றத்தைப் பார்த்து, "பொலாம்பா, மூக்கத் தொடை! பொலாம்பா, சாக்கடையில எறங்காத!" என்று கத்துவாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று கணக்கில்லை. பாட்டில் வந்த பெயரை இப்படியெல்லாம் புழங்கக் கூடாது என்று நான் ஒருமுறை நாசூக்காகச் சொன்னேன். அவள் வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அன்று மசேங்கோ சிரிக்கவில்லை. மரவள்ளிமாவுக் குவாங்காவைச் சுற்றிய இலையைப் பிரித்துக்கொண்டே, "விட்டுத்தள்ளு தலைவரே. பொக்குன்னுதானே சொன்னான்? சொத்தைன்னு சொல்லலியே" என்றான்.

"சொத்தைன்னு சொல்லியிருந்தா நாலு பேராவது பயந்திருப்பாங்க."

"உனக்கு யாரு பயப்படணும்?"

"அது கெடக்கட்டும். அவன் எங்க பாட்டத் திருடியிருக்கான். அதுதான் விஷயம்."

"ஒம்போது வினாடி ஓடவிட்டான். அதப் பத்திப் பேசினான். மீன் கெட்டுப்போச்சுன்னு சொல்றதுக்கு ஒருத்தன் சட்டி மூடியத் தெறந்து காட்டினா அவன் மீன் திருடனா?"

"மூடி எங்களோடது."

"நாத்தம் ஊரோடது, தலைவரே."

அவன் பேசியது சட்டப்படி சரிதான். விமரிசனம் செய்யவும் விளக்கவும் ஒரு படைப்பிலிருந்து சிறு பகுதியை எடுத்துக்காட்டலாம். நியாயமான பயன்பாடு என்று எல்லா நாட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. அலுவலகத்தில் அந்தச் சட்டப்பிரிவை நானே படித்திருக்கிறேன். படித்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். நிறுவனத்தின் இயந்திரத்துக்கு ஒன்பது வினாடி தெரியும். எதற்காக ஒன்பது வினாடி என்று தெரியாது. புகார் கொடுக்கிறவன் படிவத்தில் ஒரு கட்டத்துக்குள் குறி போட வேண்டும்: இது நியாயமான பயன்பாடா என்று யோசித்துப் பார்த்தேன், அல்ல என்று. குறி போடுவது சுலபம்.

அவன் பேரரசரின் பாட்டுகளை எடுத்திருந்த காணொளிகளில் இரண்டின் மேல் புகார் கொடுத்தேன். இரண்டு காணொளியும் போயின. மூன்று சேர்ந்தால் சேனலே மூடப்படும்.

அவன் ஒரு பதில் காணொளி போட்டான். பாட்டே இல்லாத காணொளி. பாட்டு வர வேண்டிய இடத்தில் மஞ்சள் கை மேசையில் தாளம் போட்டது. "பேரரசரோட ஆபீசுக்கு ஒரு வார்த்த. நான் உங்க பாட்ட விக்கல. பாட்டுக்குள்ள யாரு ஒளிஞ்சிருக்கான்னு காட்டறேன், அவ்ளோதான்" என்றான். பேசிக்கொண்டே ஒரு கடலையை உடைத்தான். பருப்பை இரு விரலுக்கு நடுவில் உருட்டினான். சிவப்புத் தோலை ஊதினான். பிறகு இன்னொரு முறை ஊதினான்.

ஒரு முறை ஊதினாலே தோல் போய்விடும். இரண்டாவது ஊதலுக்கு அவசியமே கிடையாது. அந்த அவசியமற்ற ஊதலை நான் பள்ளிக்கூட வாசலில் பார்த்திருக்கிறேன். என் சாப்பாட்டு மேசையில் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அந்தத் தோல் என் பீரில் விழுந்திருக்கிறது.

காணொளியை நிறுத்தினேன். எனக்குக் கோபம் வரவில்லை. இதை எழுத்தர் குறித்துக்கொள்ளட்டும். கோபத்தில் செய்தேன் என்று வக்கீல் சொல்லச் சொன்னார், அது உண்மையில்லை. எனக்கு ஒரு குளிர்தான் வந்தது. ஊரில் எவனோ ஒருவன் என்னைத் தெரியாது என்றால், அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மசேங்கோவுக்கு என்னைத் தெரியும். என் வாயில் எந்தப் பல் சொத்தை என்றுகூட அவனுக்குத் தெரியும். என் அப்பாவின் சவப்பெட்டியை முன்னால் தூக்கியவன் அவன். அவன் கேமரா முன்னால் உட்கார்ந்து, விசாரித்துப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை என்கிறான். அப்படிச் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை என் எதிரில் உட்கார்ந்து குவாங்கா பிரிக்கிறான். நம்பிக்கை துரோகம் என்ற சொல்லை நான் அதுவரை பாட்டில்தான் கேட்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு அவன் வீட்டு முறை. நான் எதுவும் காட்டிக்கொள்ளவில்லை. ஃபிலோ இரண்டாம் முறை பரிமாறினாள், சாப்பிட்டேன். பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்:

"அந்தக் கடலைக்காரன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு மசேங்கோ. யோசிச்சுப் பாத்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நெசமாவா?"

"சட்டம் அவன் பக்கம்தான். அவன் ஒரு மறுப்பு எழுதிப் போட்டான்னா, நாங்க கோர்ட்டுக்குப் போவலேன்னா, எல்லாக் காணொளியும் திரும்ப வந்துடும். சேனலும் தப்பிச்சுக்கும். எழுத மாட்டேங்கறானே."

"எழுதணும்னா சொந்தப் பேரு, வெலாசம் எல்லாம் போடணுமாமே."

"ஆமா. சத்தியம் பண்ணிக் கையெழுத்து."

"அந்தப் பேரு வெளிய போயிடாதா?"

"எங்கயும் போவாது. புகார் கொடுத்தவங்களுக்கு மட்டும்தான் அனுப்புவாங்க. எங்க ஆபீசுக்கு."

"ஆபீசுல யாரு பாப்பா?"

"நான் ஒருத்தன்தான்."

அவன் விரலால் மேசையில் இருந்த எண்ணெய்ப் பொட்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு கேட்டான்: "நீ ஒருத்தன்தானா?"

"நான் ஒருத்தன்தான்."

சிரித்தான். அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டால்கூட என்னால் விவரிக்க முடியாது. பெரிய மூட்டையைத் தலையிலிருந்து இறக்கி வைக்கிறவர்கள் அப்படிச் சிரிப்பார்கள்.

திங்கட்கிழமை மூன்றாவது புகாரைக் கொடுத்தேன். அதே வாரம் மறுப்பு வந்தது. நிகோடேம் மசேங்கோ. கடை விலாசம், வீட்டு விலாசம், தொலைபேசி எண். எல்லாம் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தவைதான். இருந்தாலும் அவன் கையால் எழுதி வர வேண்டும் என்று நான் விரும்பினேன். நான் ஊகித்துச் சொல்கிறவன் அல்ல. கடைசியில் காரணம் என்ற இடத்தில் சட்டப்பிரிவை முறையாக எழுதியிருந்தான். அதற்குக் கீழே இப்படி இருந்தது:

"தலைவரே, நான்தான். ஞாயித்துக்கெழம நல்லா திட்டு, ஆனா ஃபிலோ முன்னாடி வேணாம். பொக்கு எடுத்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. சாப்டுட்டு சொல்றேன்."

அந்த ஞாயிறு வரவில்லை.

கர்னலின் ஆட்கள் ஊரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று முன்பே சொன்னேன். என்னையும் கேட்டார்கள். படைத்துறை அதிகாரி கேட்கும் கேள்விக்குக் குடிமகன் பதில் சொல்வது கடமை. காவல் நிலையத்தில் இப்படித்தான் சொன்னேன், அங்கே எழுதியும் கொண்டார்கள்.

இரண்டு ஜீப்புகள் பட்டப்பகலில் வந்தன. கடையில் ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தானாம். அசையாதே என்று சொல்லி முடித்தபோது உள்ளே வந்தார்களாம். மேசை இழுப்பறையில் மஞ்சள் உறை இருந்திருக்கிறது. ஆற்றோரத்தில் பெண்கள் மரவள்ளி ஊறப்போடும் இடத்தில் பிறகு கிடைத்தான். கைகளைப் பற்றி உங்கள் மருத்துவர் எழுதியதை என்னிடம் படித்துக் காட்ட வேண்டாம். நான் பார்க்கவில்லை. துணியால் சுற்றித்தான் வைத்திருந்தார்கள்.

துக்கத்துக்குப் போனேன். இரண்டு பெட்டி பீர் கொண்டுபோய் இறக்கினேன். முதல் வரிசையில் நாற்காலி கொடுத்தார்கள். மசேங்கோவின் தம்பி பிரஸ்ஸல்ஸில் இருக்கிறான், வர முடியவில்லை, அவன் பார்ப்பதற்காக யாரோ போனில் நேரலை போட்டார்கள். பந்தலில் பேரரசரின் பாட்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் நேரலையின் சத்தம் நின்றுவிட்டது. தம்பி கூப்பிட்டு, "என்ன ஆச்சு, எல்லாரும் வாயத் தெறக்கறீங்க, ஒண்ணும் கேக்கலியே" என்று அழுதானாம். அதை நான் செய்யவில்லை. இயந்திரம் தானாகச் செய்தது. நான் ஏற்கெனவே அமைத்து வைத்திருந்ததுதான்.

சில நாள் கழித்து ஃபிலோ என் அலுவலகத்துக்கு வந்தாள். என் பெயர் வைத்த குழந்தையை முதுகில் கட்டியிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அண்ணே, அவரு உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தாரு. நான் சொல்லிட்டுப் போறேன்" என்றாள். "அந்தக் காணொளி எடுக்கறப்ப கேமராவுக்குப் பின்னாடி நான்தான் நின்னேன். உங்க பேரு வந்துச்சு. கையில ஒரு சொத்தைய எடுத்துட்டாரு. ஜெனரேட்டரு எங்கேருந்து வந்துச்சுன்னு அவருக்குத் தெரியும். பிரசவ விடுதியில அந்த மாசம் மெழுகுவத்தியில பிள்ளை எடுத்தாங்க. எங்க பொலாம்பாவையும் அப்படித்தான் எடுத்தாங்க. அவரு வாசல்ல நின்னாரு, உள்ள ஒண்ணும் தெரியலன்னு நர்சு கத்தினதக் கேட்டாரு. அதெல்லாம் சொல்லத்தான் ஒக்காந்தாரு. அப்புறம் அந்தச் சொத்தையத் தட்டுக்கு அடியில வெச்சிட்டாரு. தட்டு முழுக்கத் தேடினாரு. 'என்னா தேடறீங்க'ன்னேன். 'ஒரு பொக்கு கெடைக்குமான்னு பாக்கறேன். யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டா ஒருத்தனும் தோண்ட மாட்டான்'னாரு."

நான் மடிக்கணினியை மூடினேன். சுவருக்கு அந்தப் பக்கம் கறி சுடுகிறவன் யாரோடோ விலை பேசிக்கொண்டிருந்தான்.

"ஆபீசுல நீங்க ஒருத்தர்தான்னு சொன்னீங்களே அண்ணே" என்றாள். அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முதுகில் குழந்தை சிணுங்கியது. அவள் அதை அசைத்துக்கொடுத்து, "சும்மா இரு, எஸ்தர்" என்றாள். அது அந்தக் குழந்தையின் பெயர் அல்ல. நான் கவனித்தேன். கேட்கவில்லை.

அவள் சொன்னதை நான் பல முறை யோசித்துப் பார்த்தேன், அம்மா. நேர்மையாகவே யோசித்தேன். அவன் எனக்கு நல்லது செய்ய நினைத்திருக்கலாம். ஆனால் என்னைக் கேட்டிருக்க வேண்டும். சொத்தையா பொக்கா என்று என்னிடம் கேட்டிருந்தால் நான் சொத்தையைத் தேர்ந்தெடுத்திருப்பேன். என்னைப் பற்றிய செய்தியை என் அனுமதியில்லாமல் எடுத்துக்கொள்வதும், அதை என் அனுமதியில்லாமல் மறைப்பதும் ஒன்றுதான். உரிமை என்பது அதுதானே. அதைத்தான் நான் சுவரில் எழுதியிருந்தேன்.

காவல் நிலையத்தில் கொடுத்ததில் ஒரு திருத்தம் இருக்கிறது. கர்னலின் ஆட்கள் என்னைக் கேட்கவில்லை. ஊரெல்லாம் கேட்டார்கள், பெத்ரோனி அம்மாவைக் கேட்டார்கள், மாவு வியாபாரியைக் கேட்டார்கள். என்னைக் கேட்கத் தோன்றவில்லை. மறுப்பை அச்செடுத்துக்கொண்டு நானாகத்தான் கர்னலின் முகாமுக்குப் போனேன். வாசலில் வெகுநேரம் நின்றேன். காவலாளி யார் என்று கேட்டான். பொலாம்பா என்றேன். எந்தப் பொலாம்பா என்றான். பாட்டில் கர்னலுக்கு அடுத்த பெயர் என்றேன். அவன் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, அப்படி யாரும் இல்லையாம், தாளை மட்டும் கொடுத்துவிட்டுப் போ என்றான். கொடுத்தேன். அதில் இருப்பவனை என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். கர்னலுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வரலாம் என்றும் நினைத்திருந்தேன். அது நடக்கவில்லை.

கர்னலுக்கு எல்லைப் பக்கம் மாற்றலாகிவிட்டது என்றும், கூப்பிட்டால் வர மாட்டார் என்றும் உங்கள் எழுத்தர் சொன்னார். பரவாயில்லை. நான் இருக்கிறேன். எழுதியதைப் படித்துக் காட்டினால் கையெழுத்துப் போடுகிறேன். பெயருக்குப் பக்கத்தில் பதவியும் வர வேண்டும்.

இன்னொன்று. வரும்போது வாசலில் உடைமைகளை எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு என் கணக்கில் இருக்கிறது. அது மசேங்கோவுடையது. பேரரசரின் கச்சேரிக்காக அவனிடம் இரவல் வாங்கியது. துக்கத்துக்கும் இதைத்தான் போட்டுக்கொண்டு போனேன், வேறு கோட்டு என்னிடம் இல்லை. தோள் எனக்குக் கொஞ்சம் பெரிது.